மழை விடுமுறையில் பிள்ளைகளோடு செய்ய எந்தப் பலகாரம் நல்லது?

'மழை காரணமாகப் பள்ளிகளுக்கு இன்று விடுமுறை' என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்த காலையில் பிள்ளைகள் மறுபடியும் போர்வைக்குள் போய்விடுவார்கள். பத்து மணிக்கு மேல்தான் பாடு. முற்றத்தில் தண்ணீர் கட்டிக் கிடக்கும், வெளியே விட முடியாது, கரண்ட் போய்ப் போய் வரும். கடைசியில் அடுக்களைப் பக்கம் வந்து நின்று, "ஏதாவது செய்யலாமா?" என்பார்கள். கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஆனி, ஆடியில் ஒரு மழை, ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு மழை என்று இரண்டு பருவமும் உண்டு. அதனால் மற்ற ஊர்க்காரர்களைவிட இந்தக் கேள்வி நமக்குக் கொஞ்சம் அதிகமாகவே வரும். ரப்பர் தோட்டத்துப் பக்கம் மழை நாளில் பால் வெட்டும் இருக்காது, பெரியவர்களும் வீட்டில்தான். ஆக, கைகளுக்குப் பஞ்சமில்லை. எதைச் செய்வது என்பதுதான் கேள்வி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சின்னப் பிள்ளைகள் என்றால் இலையில் வைத்து அவிக்கிற கொழுக்கட்டை. பத்து வயதைத் தாண்டியவர்கள், இரண்டு நாள் விடுமுறை என்றால் முந்திரிக்கொத்து, அதாவது சிறுபயறு உருண்டைகளை மாவில் முக்கிப் பொரிக்கிற பலகாரம். அச்சுமுறுக்கு பெரியவர்கள் செய்து பிள்ளைகள் தின்ன வேண்டியது. கடலை மிட்டாயை மழைக்காலத்தில் தொடவே வேண்டாம்.

ருசியை வைத்து இதைச் சொல்லவில்லை. ருசி என்று பார்த்தால் என் ஓட்டு கொத்துக்குத்தான். பிள்ளைகளோடு செய்யும்போது பார்க்க வேண்டியது வேறு. பிள்ளையின் கைக்கு எவ்வளவு நேரம் வேலை இருக்கிறது? கொதிக்கிற எண்ணெயோ பாகோ எந்தக் கட்டத்தில் வருகிறது, அப்போது பிள்ளை எங்கே நிற்கும்? இதோடு ஈரக்காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். வெயில் காலத்தில் பத்து நாள் மொறுமொறுப்பாக இருக்கிற பண்டம் கார்த்திகையில் மறுநாளே நமத்துப்போகும்.

கடலை மிட்டாய் இந்த எல்லாவற்றிலும் தோற்கிறது. அதற்குப் பாகு நன்றாக முற்ற வேண்டும். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு எடுத்துத் தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம் கேட்க வேண்டும். அந்தப் பதத்தில் பாகின் சூடு 150 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். கொதிக்கிற தண்ணீர் கையில் பட்டால் வழிந்து ஓடிவிடும். பாகு ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும். கடலையைக் கொட்டிக் கிளறிப் பரப்பி வெட்டுவதற்குக் கிடைப்பதே சில நிமிடம், அதில் பிள்ளைக்கு எங்கே இடம்? அப்படியே நன்றாக வந்தாலும், சர்க்கரை (நம்மூர்ச் சர்க்கரை, அதாவது வெல்லம்) காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துச் சாயங்காலத்துக்குள் பிசுபிசுத்துவிடும். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது காய்ந்த கரிசல் பூமி. தக்கலையிலும் குலசேகரத்திலும் அடைமழையில் அந்த மொறுமொறுப்பை எதிர்பார்ப்பது பேராசை.

அச்சுமுறுக்கு விஷயத்தில் பிள்ளைகளோடு சண்டை போட வேண்டியிருக்கும். அவர்களுக்கு அதுதான் வேண்டும். கம்பியில் மாட்டிய பூ அச்சை மாவில் முக்கி எண்ணெயில் விட்டதும் பூ தனியாகக் கழன்று மிதக்கிறதே, அது யாருக்குத்தான் பிடிக்காது? டிசம்பர் பிறந்துவிட்டால் கிறிஸ்துமஸ் கொண்டாடும் வீடுகளில் இது கட்டாயப் பலகாரம்.

ஆனால் இந்த வேலையின் சூட்சுமமெல்லாம் எண்ணெய்ச் சட்டி ஓரத்தில்தான் இருக்கிறது. பச்சரிசி மாவில் முட்டை, தேங்காய்ப்பால், சீனி, கறுப்பு எள் சேர்த்துக் கரைத்துக்கொள்வது பத்து நிமிட வேலை. சில வீடுகளில் மைதாவும் சேர்ப்பார்கள். முட்டை அடிப்பதையும் எள் தூவுவதையும் பிள்ளைகள் செய்யலாம், அதோடு அவர்கள் வேலை முடிந்தது. அப்புறம் எல்லாம் அச்சின் சூடுதான். அச்சு எண்ணெயிலேயே கிடந்து காய்ந்திருக்க வேண்டும். சூடு குறைந்தால் மாவு ஒட்டாமல் வழிந்துவிடும். சூடு கூடினால் முக்கின உடனே மாவு வெந்து கிண்ணத்திலேயே கழன்றுவிடும். அச்சை முக்கால் பங்குதான் மாவில் இறக்க வேண்டும், மேல் விளிம்பை மாவு மூடிவிட்டால் பூ கழலவே கழலாது, குச்சி வைத்துத் தோண்ட வேண்டியதுதான். இத்தனையையும் ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஈரக்கையோடு ஒரு பிள்ளை பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தால்? ஒரு சொட்டுத் தண்ணீர் எண்ணெயில் விழுந்தால் போதும். நடுவில் கரண்ட் வேறு போனால் கேட்கவே வேண்டாம்.

அதனால் அச்சுமுறுக்கு சுடுகிற அன்றைக்குப் பிள்ளைகளை வேறு வேலையில் போடுவதே நல்லது. கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கோலும் புல்லும் ஒட்டுகிற வேலை திண்ணையில் இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். ஆறிய முறுக்கை டப்பாவில் அடுக்குவதற்குக் கூப்பிட்டால் போதும். உடைந்ததெல்லாம் அவர்களுக்கு.

முந்திரிக்கொத்திலும் எண்ணெய் உண்டே, அதை மட்டும் ஏன் சொல்கிறாய் என்று கேட்கலாம். கொத்தில் பிள்ளைகளின் வேலையும் எண்ணெய் வேலையும் தனித்தனியே நிற்கின்றன. நடுவில் ஒரு இரவே விடலாம். அச்சுமுறுக்கில் அப்படிப் பிரிக்க முடியாது.

அரைக்கிலோ சிறுபயறு எடுத்துக்கொண்டால் நாலு பேர் வீட்டுக்குத் தாராளம். பயறு நிறம் மாறி வாசம் தெருவுக்கு வருகிற வரைக்கும் வறுக்க வேண்டும். பிறகு கொஞ்சம் கொரகொரப்பாகப் பொடிக்க வேண்டும். கரண்ட் இருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள். மழை நாளில் மிக்சியை மத்தியானத்துக்கு என்று ஒத்திப்போடக் கூடாது. ஒரு தேங்காயைத் துருவி, ஈரம் முழுக்கப் போய்ச் சிவக்கிற வரைக்கும் சட்டியில் வறுக்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் மழைக்காலத்தில் நாலாம் நாள் உள்ளே பூசணம் பிடித்துவிடும். எள், ஏலக்காய், சுக்குப்பொடி எல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு பாகுக்குப் போகலாம்.

பாகுக்குச் சர்க்கரையும் போடலாம், கருப்பட்டியும் போடலாம். நான் கருப்பட்டிக் கட்சி. ஒன்று மட்டும் கவனம், கருப்பட்டியை உருக்கி வடிகட்டாமல் சேர்க்கக் கூடாது. எவ்வளவு நல்ல கருப்பட்டியானாலும் கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் மண் தங்கும், பல்லில் நறநறவென்று கடிபட்டால் பிள்ளைகள் அப்புறம் தொட மாட்டார்கள். அக்கானி (பதநீர்) இறங்குவது தை, மாசிக்குப் பிறகுதான் என்பதால் கார்த்திகையில் கிடைப்பதெல்லாம் பழைய கருப்பட்டி. ஈரம் பிடித்துக் கசிந்திருந்தால் பயப்பட வேண்டாம், தண்ணீரைக் குறைத்து விட்டு உருக்கினால் போதும். அந்தக் காலத்தில் அடுப்புக்கு மேலே பரண் கட்டி அதில் வைத்ததே இந்த ஈரத்துக்காகத்தான்.

கம்பிப் பதம் வந்ததும் பாகை மாவில் ஊற்றிக் கிளற வேண்டும். கொஞ்சம் பாகைச் சட்டியிலேயே விட்டு வையுங்கள். பிள்ளைகள் போனில் வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டு வந்து, பனியில் மிட்டாய் செய்ய வேண்டும் என்று கேட்பார்கள் அல்லவா, அதற்கு இங்கே ஒரு வழி இருக்கிறது. கனடாவின் கியூபெக் பக்கம் குளிர்காலம் முடியும் தறுவாயில் மேப்பிள் மரத்தின் சாறை வடித்துக் காய்ச்சுவார்கள். சுமார் 40 லிட்டர் சாறு வற்றினால் ஒரு லிட்டர் பாகு கிடைக்கும். அதை இன்னும் கெட்டியாகக் காய்ச்சி, சுத்தமான பனியின்மேல் கோடு கோடாக ஊற்றி, இறுகி இழுவையாக வந்ததும் குச்சியில் சுற்றிக் கொடுப்பார்கள். நாகர்கோவிலில் மார்கழி விடியலுக்கே மெல்லிசாக ஒரு போர்வை போதும், பனிக்கு எங்கே போவது? ஆனால் மரத்துச் சாறைக் காய்ச்சி இனிப்பாக்குகிற வேலை நமக்குப் புதிதில்லை. மிச்சம் வைத்த கருப்பட்டிப் பாகை இன்னும் சற்று நேரம் கொதிக்கவிட்டு, ஒரு கிண்ணத்தில் ஐஸ் தண்ணீர் வைத்து, அதில் ஒரு கரண்டி முனையால் பெரியவர் சொட்டுவிட வேண்டும். முதல் சொட்டு கரைந்துவிடும். அடுத்தது கலங்கிப் பரவும். பாகின் சூடு 115 டிகிரிக்குப் பக்கம் வரும்போது விடுகிற சொட்டு கரையாமல் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். விரலால் ஒதுக்கினால் மெத்தென்று உருண்டு வரும். மேப்பிள் பாகைப் பனியில் ஊற்றுவதும் ஏறக்குறைய இதே சூட்டில்தான். தண்ணீரில் துழாவி உருட்டி வாயில் போட்டுக்கொள்கிற வேலை பிள்ளைகளுடையது. ஆறு வயசுப் பிள்ளைக்குக்கூட அதற்குப் பிறகு பதம் என்றால் என்னவென்று தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்காது.

இனி உருட்டல். கொத்து மாவு சூடாக இருக்கும்போதுதான் பிடிபடும், ஆறினால் உதிர்ந்துபோகும். இதுதான் சின்னக் கைகளுக்குச் சிக்கல். மொத்தத்தையும் தட்டில் பரப்பாமல், பாத்திரத்தை மூடி வெந்நீர்ச் சட்டியின்மேல் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு கைப்பிடி மாவு மட்டும் எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தால் சரியாக வரும். நெல்லிக்காய் அளவு என்று சொல்வோம், ஒன்று சுண்டைக்காயாக இருக்கும், ஒன்று எலுமிச்சையாக இருக்கும். இருக்கட்டும். உள்ளே இருப்பதெல்லாம் ஏற்கனவே வெந்தது, மேல் மாவு வெந்தால் போதும் என்பதால் அளவு கூடுவதாலும் குறைவதாலும் கெடுதல் ஒன்றும் இல்லை. பிள்ளைகளின் கைவாக்கை இவ்வளவு பொறுத்துக்கொள்கிற பலகாரம் வேறு கிடையாது. "கையில ஒட்டுதே ஆச்சி" என்றால், "கொஞ்சம் பச்சரிசி மாவு தொட்டுக்கோ மக்களே" என்று ஆச்சி சொல்லித் தர, ஒரு மணி நேரம் போவதே தெரியாது.

உருண்டைகளை மூடி வைத்துவிட்டு மறுநாள் பொரிக்கலாம், இறுகி நன்றாக நிற்கும். பச்சரிசி மாவில் உப்பும் மஞ்சள் பொடியும் சேர்த்துத் தோசை மாவைவிடச் சற்றுக் கெட்டியாகக் கரைத்து, மூன்று மூன்று உருண்டையாகச் சேர்த்து முக்கி எண்ணெயில் விட வேண்டும். இது பெரியவர்கள் வேலை. பிள்ளைகள் தூங்கி எழும் முன்னாலேயே காலையில் முடித்துவிடலாம். நன்றாக வறுத்த தேங்காய் என்றால் பத்து, பதினைந்து நாள் கெடாது. ஹாஸ்டலில் இருக்கிற அண்ணனுக்கோ கல்ஃபில் இருக்கிற அப்பாவுக்கோ அனுப்ப வேண்டும் என்றால் வேறு யோசனையே வேண்டாம், இதைத்தான் செய்ய வேண்டும். 'நான் உருட்டினது' என்று சொல்லி அனுப்புகிற பொட்டலத்துக்குத் தனி மதிப்பு.

இருந்தாலும் ஐந்து வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு நான் கொழுக்கட்டையைத்தான் சொல்வேன். மோதகம்போல மேல் மாவை மெல்லிசாகத் தட்டி, பூரணம் வைத்து, மடிப்பு எடுக்கிற கொழுக்கட்டையை இங்கே சொல்லவில்லை. அதில் பிள்ளைகள் அழுவார்கள், நாமும் அழுவோம். எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்து இலைக்குள் வைத்து அவிக்கிற கார்த்திகைக் கொழுக்கட்டைதான் நான் சொல்வது.

எந்த இலை என்பதிலும் ஒரு தேர்வு இருக்கிறது. தெரளி இலை கிடைத்தால் அதற்குமேல் ஒன்றும் கிடையாது. லவங்கப்பட்டை மரத்தின் இனம் அது. ஆவியில் அந்த வாசனை மாவுக்குள் இறங்கிவிடும். திருக்கார்த்திகையை ஒட்டி நாகர்கோவில் வடசேரியிலும் மார்த்தாண்டத்திலும் சந்தையில் கட்டுக் கட்டாக வரும். மற்ற நாளில் மலையோரத்து வீடுகளில் கேட்டுப் பார்க்கலாம். பனங்குருத்தோலையில் வைத்தால் வேறு ஒரு மணம். ஆனால் மழையில் பனை ஏற ஆள் கிடைக்காது, ஓலையின் ஓரமும் சின்ன விரல்களைக் கீறும். வாழையிலை எல்லா வீட்டுக் கொல்லையிலும் உண்டு, தணலில் லேசாக வாட்டினால் கிழியாமல் மடங்கும். கடற்கரைப் பக்கத்து ஊர்களில் பூவரச இலை வேலியிலேயே கிடைக்கும். மழை நாளில் இலை தேடி ஊர் சுற்ற வேண்டாம், வாசலில் எது நிற்கிறதோ அதைப் பறித்துக்கொள்ளலாம். குடையோடு கொல்லைக்குப் போய் இலை பறித்து வருவதிலேயே பிள்ளைகளுக்குப் பாதி சந்தோஷம் கிடைத்துவிடும்.

வறுத்த பச்சரிசி மாவு இரண்டு கப், துருவின தேங்காய் ஒரு கப், உருக்கி வடிகட்டின கருப்பட்டி ஒரு கப்புக்குக் கொஞ்சம் மேலே, ஏலக்காய், சுக்கு. இரண்டு மட்டிப்பழத்தையும் பிசைந்து சேர்த்தால் மாவு மென்மையாக இருக்கும். 2023ல் புவிசார் குறியீடு வாங்கின நம்மூர் மட்டிதான். இல்லையென்றால் பாளையங்கோட்டான் வாழைப்பழமும் போதும். கருப்பட்டித் தண்ணீர் வெதுவெதுப்பாக ஆன பிறகு பிசைவதால் கை சுடும் பயம் இல்லை. முழங்கைவரை அப்பிக்கொண்டாலும் தப்பில்லை.

தெரளி இலையைக் கூம்பாகச் சுருட்டி, உள்ளே மாவை அமுக்கி, வாயை மடித்து ஈர்க்கில் குத்த வேண்டும். முதல் இரண்டு மூன்று இலையில் மாவு பக்கவாட்டில் பிதுங்கும். ஈர்க்கிலை எங்கே குத்துவது என்று தெரியாமல் பிள்ளைகள் நடுவிலேயே குத்துவார்கள். எப்படிக் குத்தினாலும் வெந்துவிடும். இட்லிக் கொப்பரையில் ஆவி வந்த பிறகு இருபது, இருபத்தைந்து நிமிடம் வைத்து, பெரியவர்தான் மூடியைத் திறக்க வேண்டும். திறக்கும்போது எழும் ஆவி ஒன்றுதான் இதில் ஆபத்தான இடம். ஆறினதும் இலையை உரித்தால் நரம்பு நரம்பாக இலையின் கோடுகள் மாவின்மேல் பதிந்திருக்கும். 'இது நான் மடிச்சது, ஓட்டையைப் பாரு' என்று அடையாளம் கண்டுபிடிப்பார்கள்.

இதன் குறை ஒன்றே ஒன்று. வறுக்காத தேங்காய் சேர்ந்திருப்பதால் அன்றைக்கே தின்று தீர்க்க வேண்டும். மிஞ்சினால் மறுநாள் காலை இன்னொரு முறை ஆவி காட்டலாம், அதற்குமேல் வைக்கக் கூடாது. யாருக்கும் அனுப்ப முடியாது. பக்கத்து வீடுகளுக்கு வேண்டுமானால் கொடுத்துவிடலாம்.

மிக்சியும் வேண்டாம், அரைமணி நேரத்தில் ஆக வேண்டும் என்றால் கறுத்துப் பழுத்த ஏத்தம்பழம் (நேந்திரம்பழம்) இருக்கிறதா பாருங்கள். வட்டமாக நறுக்கி, நெய்யில் புரட்டி, சர்க்கரையும் தேங்காயும் தூவி இறக்கினால் போதும். நறுக்குவதற்கு முனை மழுங்கின கத்தியே போதும் என்பதால் பிள்ளைகளிடம் கொடுக்கலாம். அடுப்பே பற்றவைக்க முடியாத நிலை என்றால் அவல். 2017ல் ஒக்கிப் புயல் அடித்தபோது பல ஊர்களுக்கு நாள்கணக்கில் கரண்ட் வரவில்லை. அந்த மாதிரி நாளில் அவலைத் தண்ணீர் தெளித்து ஊறவைத்து, தேங்காயும் பொடித்த சர்க்கரையும் விரவி, பழம் நறுக்கிப் போட்டால் பலகாரம் தயார். ஒரு ஸ்பூன் மார்த்தாண்டம் தேனும் விட்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

ஒரே வீட்டில் நாலு வயதில் ஒன்றும் பதினொரு வயதில் ஒன்றும் இருந்தால் என்ன செய்வது? கொத்தை எடுத்தால் சின்னதுக்குச் சூடு தாங்காது, கொழுக்கட்டை என்றால் பெரியவனுக்கு அரைமணியில் அலுத்துவிடும். அப்படிப்பட்ட வீட்டில் மாவு ஒன்றாக இருக்கட்டும், இலை இரண்டாக இருக்கட்டும். சின்னவளுக்கு வாழையிலை, மாவை வைத்துத் தட்டி இரண்டாக மடித்தால் முடிந்தது. பெரியவனுக்குத் தெரளியோ பனையோலையோ கொடுத்து, கூம்பு சுருட்டுவதையும் ஓலை கட்டுவதையும் சொல்லிக்கொடுங்கள். கருப்பட்டி வடிகட்டுகிற பொறுப்பும் அவனுடையதாக இருக்கட்டும். வாழையிலையில் இருப்பது மெல்லிசு என்பதால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வெந்துவிடும், அதை மேல்தட்டில் வைத்தால் முதலில் எடுத்துக் கொடுக்க வசதி. நாலு வயசுக்கு அதற்குமேல் பொறுமை கிடையாது.